சோலோ சொதப்புகிறதா? அறிகுறியைச் சொல்லுங்கள்

வெயில் தாழ்ந்த பிறகு வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நாலைந்து பேர் கிடாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சர்ச்சில் பாடகர் குழுவோடு வாசிக்கிற பையன்கள் இரண்டு பேர், காலேஜில் பேண்ட் ஆரம்பித்திருக்கும் ஒரு பெண், வங்கி வேலை முடித்து டையைக் கழற்றாமல் வரும் ஒருவர். எல்லோருக்கும் கார்டு நன்றாக வரும். பாட்டு முழுக்கச் சளைக்காமல் ஸ்ட்ரம் செய்வார்கள். "நடுவுல எட்டு பார் உனக்கு, ஏதாவது வாசி" என்றால்தான் முகம் மாறும் (பார் என்றால் பெரும்பாலும் நாலு அடி கொண்ட ஒரு தாளக் கட்டு). என்னப்பா பிரச்சினை என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "சோலோ வரலண்ணா."

வண்டி ஓடவில்லை என்று போய் நின்றால் மெக்கானிக் சும்மா கை வைக்க மாட்டார். ஸ்டார்ட்டே ஆகலையா, ஆகி நின்னுடுதா, மேட்டுல இழுக்கலையா என்று கேட்பார். சோலோவுக்கும் அந்தக் கேள்விகள் வேண்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது, வருகிறவர் தானே சொல்லும் காரணம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். வேகம் இல்லை என்பார். பார்த்தால் தாளம் இருக்காது. இன்னும் நிறைய ஸ்கேல் தெரியணும் என்பார்; பார்த்தால் இருக்கிற ஐந்து ஸ்வரத்தில் ஒன்றைக்கூட வாயால் பாடத் தெரியாது. அதனால் காரணத்தை ஒதுக்கிவிட்டு, காதில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் தொல்லை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உதாரணங்கள் எல்லாம் ஏ மைனர் பென்டடோனிக்கில், 5-ஆம் ஃபிரெட்டில் தொடங்கும் பாக்ஸில், அதாவது கையை நகர்த்தாமல் வாசிக்கிற விரல் கட்டத்தில். ஏ, சி, டி, இ, ஜி என்று ஐந்தே நோட்டு. 1, 2, 6-ஆம் தந்திகளில் 5-ம் 8-ம். 3, 4, 5-ஆம் தந்திகளில் 5-ம் 7-ம். மெல்லிய தந்திதான் 1. இனிமேல் "3-இல் 7" என்றால் மூன்றாம் தந்தி, ஏழாம் ஃபிரெட்.

முதலில் கிடாரைச் சந்தேகப்படுங்கள்

சிரிக்காதீர்கள். "என் காது சரியில்லண்ணா" என்று ஒரு பையன் மூன்று மாதம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் காதுக்கு ஒன்றுமில்லை, கிடார்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

12-ஆம் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மானிக் எழுப்புங்கள். அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறித் தெரிந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சேடிலை (தந்தி உட்காரும் துண்டை) பின்னுக்குத் தள்ள வேண்டும். இறங்கித் தெரிந்தால் முன்னுக்கு. எலக்ட்ரிக்கில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அக்கூஸ்டிக் என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தந்தி பழசானாலும் இதே கோளாறு வரும். நம் ஊரைச் சும்மாவா வெயிலூர் என்கிறார்கள். கத்திரி வெயில் மாதத்தில் விரல் வியர்வையிலேயே புதுத் தந்தி கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். இன்னொன்று, சூடு ஏறினால் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். ஃபேன் அடியில் சேர்த்த சுருதி மொட்டை மாடியில் நிற்காது. வாசிக்கப் போகிற இடத்தில் பத்து நிமிடம் கிடாரை வைத்துவிட்டு அங்கேயே ட்யூன் செய்யுங்கள்.

அக்கூஸ்டிக்கில் சோலோ பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான அக்கூஸ்டிக் செட்டில் 3-ஆம் தந்தி சுற்றுக் கம்பியாக வரும். அதை ஒரு முழு ஸ்வரம் வளைக்க மல்யுத்தம் போட வேண்டும். எலக்ட்ரிக்கில் 9 அல்லது 10 என்கிற மெல்லிய செட் போட்டால் அதே தந்தி வெறும் கம்பி, எளிதாக வளையும். அக்கூஸ்டிக்கில் வளைக்கிற இடத்திலெல்லாம் ஸ்லைடு செய்துகொள்ளுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

"முதல் நோட்டுலேர்ந்தே எல்லாம் தப்பா கேக்குது"

கிடார் சரியாக இருந்தும் எல்லா நோட்டும் தப்பாகக் கேட்டால் கீ, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரம், தப்பு. அவ்வளவுதான்.

குடியாத்தம் பக்கம் ஒரு திருவிழா. மெல்லிசைக் குழுவில் அன்று எனக்கு லீட் கிடார். ஏ மைனர் பாட்டு. ஒரு வாரம் பழகி வைத்த இடம். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுக் கீழே இறக்கிவிட்டார். பேஸ் வாசிக்கிறவரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. சோலோ வரும்வரை எனக்கு அந்தப் பாட்டில் வேலையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி எட்டு பார் வாசித்தேன், அரை ஸ்வரம் மேலே. கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை. தபலாக்காரர் மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். 5-ஆம் ஃபிரெட் பாக்ஸை அப்படியே 4-க்கு நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும். முதல் நோட்டிலேயே நின்று கேட்டிருந்தால் நகர்த்தியும் இருப்பேன்.

அதனால் சோதனை இது. பாட்டு ஓடும்போது எந்த ஸ்வரத்தில் வந்து நின்றால் "அப்பாடா, வீடு வந்தது" என்று இருக்கிறதோ, அதை வாயை மூடி முனகுங்கள். முனகிக்கொண்டே 6-ஆம் தந்தியில் ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தேடுங்கள். பன்னிரண்டுதான் இருக்கின்றன, எங்கேயும் ஓடிவிடாது. கிடைத்ததுதான் உங்கள் ஸா.

ஸா சரியாக இருந்தும் சோகமாகவோ புளித்தோ கேட்டால், பாட்டு மேஜராக இருக்கும். நீங்கள் மைனர் பாக்ஸில் இருப்பீர்கள். பாட்டு ஏ மேஜர் என்றால் அதே பாக்ஸை மூன்று ஃபிரெட் கீழே, 2-ஆம் ஃபிரெட்டுக்கு இறக்குங்கள். விரல் வடிவம் மாறாது. வீடு மட்டும் இடம் மாறும். இப்போது 6-இல் 5, 3-இல் 2, 1-இல் 5, இந்த மூன்று இடமும் ஏ. வாக்கியம் முடிவது அங்கேதான்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு இது ஒரு வரி விஷயம். மைனர் பென்டடோனிக்கின் ஸ்வரங்கள் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். மேஜர் பென்டடோனிக்கின் ஸ்வரங்கள் மோகனத்தின் ஸ்வரங்கள். மோகனத்தின் தைவதத்தை ஸாவாக வைத்துப் பாடினால் சுத்த தன்யாசி வரும். கிரக பேதம் என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வதைத்தான் கிடார் வாத்தியார்கள் "மூணு ஃபிரெட் இறக்கு" என்கிறார்கள். ஐந்து ஸ்வரமும் அதேதான், ஸா எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாமி இல்லாத கோயில் என்று நம் கோட்டைக் கோயிலைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. 1981-இல் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுபோய் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் திரும்ப வைத்தார்கள். தூணும் மண்டபமும் அதே தூண், அதே மண்டபம். ஆனால் அதுவரை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அன்றிலிருந்து கும்பிட வந்தார்கள். ஸா தெரியாமல் பாக்ஸ் வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

"இன்னாண்ணா, எவ்ளோ வாசிச்சாலும் ஸ்கேல் ஏறி எறங்குற மாதிரியே கீது"

பத்தில் ஏழு பேருக்கு இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

பாக்ஸை நீங்கள் எப்படிக் கற்றீர்கள்? 6-ஆம் தந்தியில் தொடங்கி 1-ஆம் தந்தி வரை, திரும்பிக் கீழே, மெட்ரோனோமோடு (தாளம் தட்டும் கருவி), நூறு தடவை. விரல் எதை நூறு தடவை செய்ததோ அதைத்தானே 101-ஆம் தடவையும் செய்யும்? சரளி வரிசையை எவ்வளவு வேகமாகப் பாடினாலும் அது ராக ஆலாபனை ஆகாது. சரளி வரிசை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே கச்சேரியாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சோதனை: பேக்கிங் ட்ராக்கை, அதாவது சோலோ இல்லாத பின்னணி இசையைப் போடுங்கள். கிடாரைக் கீழே வையுங்கள். வாயால் "ந ந நா" என்று நாலு பார் சோலோ பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே அதிர்ச்சி காத்திருக்கும்: வாய் பாடியது விரல் வாசித்ததைவிட நன்றாக இருக்கும். வாய் ஸ்கேல் பாடுவதில்லை. இரண்டு மூன்று ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றை நீட்டும், நிறுத்தி மூச்சு வாங்கும், சொன்னதையே கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லும். சோலோ உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாய்க்கும் விரலுக்கும் நடுவில் வயர் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வயரைப் பொருத்தும் வேலை. பாடியதை ஒவ்வொரு சின்னத் துண்டாகக் கிடாரில் தேடுங்கள். முதல் நாள் நாலு பாருக்கு அரை மணி நேரம் ஆகும், எரிச்சல் வரும். இரண்டு வாரத்தில் அது ஐந்து நிமிடமாகும். வாசித்துக்கொண்டே கூடப் பாடுகிற பழக்கமும் அப்போது தானாக வந்துவிடும். அமெரிக்க ப்ளூஸ் கிடார்காரர் பி.பி. கிங் மேடையில் ஒரு வரி பாடுவார், கையை எடுத்துவிடுவார்; அடுத்த வரியைக் கிடார் பாடும், அவர் வாயை மூடிக்கொள்வார். இரண்டையும் சேர்த்துச் செய்ததில்லை. ஒரே ஆள் இரண்டு தொண்டையில் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள்.

பாட்டே வரவில்லை, கூச்சமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி. 4-இல் 7, 3-இல் 5, 3-இல் 7. ஏ, சி, டி. இந்த மூன்று நோட்டைத் தவிர எதையும் பத்து நிமிடம் தொடக்கூடாது. இரண்டாவது நிமிடத்தில் சலிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் கை தானாகவே தாளத்தில் விளையாடத் தொடங்கும், வேறு வழியில்லையே. தகதிமி என்று நாலாக வாசித்ததைத் தகிட தகிட என்று மூன்றாகப் பிரிப்பீர்கள். ஒரே நோட்டை மூன்று தடவை தட்டிவிட்டு நான்காவதுக்கு வேறிடம் போவீர்கள். லேசாகத் தொடுவதும் ஓங்கி அடிப்பதும் வேறு வேறு வார்த்தை என்று அப்போதுதான் தெரியும். எங்கள் மாடியில் இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டியவர் யாரும் அதற்குப் பிறகு "எனக்கு ஸ்கேல் பத்தல" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் கேள்வி பதில். முதல் இரண்டு பார் கேள்வி. டி-யிலோ ஜி-யிலோ அந்தரத்தில் விடுங்கள். அடுத்த இரண்டு பார் பதில். அதே தாள வடிவத்தில் தொடங்கி ஏ-யில் இறக்குங்கள். பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேர் பேசுவது மாதிரி இருக்க வேண்டும். கேட்டவரே பதிலும் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டால் பக்கத்தில் இருப்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

மூச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவில் நாகஸ்வரத்தை நின்று கேளுங்கள். வாசிக்கிறவருக்கு மூச்சு தீரும். அங்கே வாக்கியம் முடியும், தவில் நாலு சொல் சொல்லும், மறுபடி அடுத்த வாக்கியம். கிடாருக்கு மூச்சே முட்டாது என்பதால் நாம் மூன்று நிமிடம் முற்றுப்புள்ளி இல்லாமல் பேசிவிடுகிறோம். மருந்து எளிது: மூச்சை வெளியே விடும்போது மட்டும் வாசியுங்கள். உள்ளே இழுக்கும்போது கை நிற்க வேண்டும். பிக்கைப் பல்லில் கடித்துக்கொண்டாவது நிறுத்துங்கள்.

"ஸ்கேல்லதான் வாசிக்கிறேன், ஆனா பாட்டோட ஒட்டல"

தப்பு நோட்டு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பாட்டு ஒரு பக்கம், சோலோ ஒரு பக்கம். பின்னால் மாறுகிற கார்டு உங்கள் காதில் விழவில்லை என்று அர்த்தம். ஐந்து நோட்டும் கீயில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கார்டு வரும்போதும் அந்த ஐந்தில் இரண்டோ மூன்றோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், மற்றவை நின்றுகொண்டிருக்கும். நிற்கிற நோட்டில் வாக்கியத்தை முடித்தால் கேட்பவருக்கும் கால் வலிக்கும்.

கற்பனை ஸ்வரம் பாடுகிறவர்கள் என்னதான் சுற்றினாலும் பல்லவியின் எடுப்புக்குச் சரியாக வந்து இறங்குவார்கள். இறங்கும் இடம் முதலிலேயே முடிவானது, வழிதான் கற்பனை. கிடாரில் கார்டு மாறுகிற முதல் அடிதான் எடுப்பு.

ஏ மைனர், எஃப், சி, ஜி. ஒவ்வொன்றும் ஒரு பார், சுற்றிச் சுற்றி வரட்டும். முதலில் ஒரு பாருக்கு ஒரே நோட்டு: ஏ மைனருக்கு 3-இல் 5, எஃப்-க்கு 4-இல் 7, சி-க்கு 2-இல் 5, ஜி-க்கு 3-இல் 4. நாலும் அந்தந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரம், அதாவது கார்டின் காந்தாரம். கார்டு மேஜரா மைனரா என்று சொல்வதே இதுதான். கடைசி ஒன்று, பி, நம் ஐந்து நோட்டில் இல்லாதது. ஆனால் ஜி கார்டு வரும் சமயத்தில் அதைத் தொட்டுப் பாருங்கள்; விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். பத்துச் சுற்று இப்படி. பிறகு அந்த நாலு நோட்டுக்கும் முந்தைய பாரின் கடைசி இரண்டு அடியில் படிக்கட்டுப் போடுங்கள். அதற்கும் பிறகு இஷ்டம்போல் வாசியுங்கள். ஆனால் முதல் அடியில் அங்கே இருக்க வேண்டும். பின்னணி ட்ராக் இல்லாமல் தனியாக வாசித்தாலே கார்டு மாறுவது பக்கத்து அறையில் இருப்பவருக்குப் புரிந்தால் பாஸ்.

இதிலேயே ஒரு தனிக் கோளாறு உண்டு. ஏ மைனர் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பல் கூசும். அங்கே கார்டு என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் இ மேஜர் அல்லது இ செவன்த் இருக்கும். அந்தக் கார்டில் ஜி ஷார்ப் இருக்கிறது, நீங்கள் வாசிப்பது வெறும் ஜி. 4-இல் 5-ஐ விட்டு 4-இல் 6-க்குப் போங்கள், அங்கிருந்து 7-க்கு ஏறி ஏ மைனரில் இறங்குங்கள். கீரவாணி வாசனை வந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

ப்ளூஸ் ட்ராக் என்றால் கதை வேறு. ஏ செவன்த் கார்டில் சி ஷார்ப் இருக்கும், நம் பாக்ஸில் சி இருக்கும். அங்கே இரண்டும் உரசுவதுதான் ருசி. 3-இல் 5-ஐ அழுத்திக் கால்வாசி மட்டும் மேலே தள்ளுங்கள். சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை என்கிற இடம். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயில் இருக்கிற புளிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த பார்ல இருக்கேன்னே தெரியல"

கிடாரின் ஆறு தந்தியையும் இடது கையால் மூடுங்கள். இனி நோட்டே கிடையாது, டக் டக் என்று சத்தம் மட்டும். இந்தச் சத்தத்திலேயே நாலு பார் சோலோ வாசித்து ஐந்தாவது பாரின் முதல் அடியில் சரியாக நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் நோட்டைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. மெட்ரோனோமை 80-இல் வையுங்கள். நாலு பார் என்பது 16 அடி, 12 விநாடி. அந்த 12 விநாடி எவ்வளவு நீளம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். காட்பாடியில் தினமும் ரயில் ஏறுகிறவருக்கு வண்டி நிற்கிற நேரம் கடிகாரம் பார்க்காமலே தெரியும், அந்த மாதிரி.

காலைத் தட்டுங்கள். வெட்கம் வேண்டாம். மனதுக்குள் எண்ணுவதைவிடக் கார்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவது நல்லது, எண் தப்பும், பெயர் தப்பாது. 12 பார் ப்ளூஸில் தொலைகிறவர்கள் அதை மூன்று வரிப் பாட்டாகப் பிடித்துக்கொள்ளலாம்: நாலு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, கடைசி வரி இ, டி, ஏ, இ. முதல் வரி கேள்வி, இரண்டாவது அதே கேள்வி கொஞ்சம் உரக்க, மூன்றாவது பதில்.

நம் பாட்டுகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற பேக்கிங் ட்ராக் பெரும்பாலும் நாலு அடிக் கணக்கு. நம் மெல்லிசை மேடையில் பாதிப் பாட்டு திஸ்ர நடை, ஆறு எட்டு. நாலில் மட்டுமே பழகிய கை அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் அடி முன்னால் முடித்துவிட்டு முழிக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது தகிட தகிட என்று வாயில் சொல்லிக்கொண்டு அந்த நடையிலேயே பழகுங்கள்.

"பெண்ட் பண்ணா அபஸ்வரமா கேக்குது"

3-இல் 7 டி. அதை ஒரு முழு ஸ்வரம் வளைத்தால் இ வர வேண்டும். அந்த இ பக்கத்திலேயே 2-இல் 5-ஆக உட்கார்ந்திருக்கிறது. முதலில் 2-இல் 5-ஐ வாசியுங்கள், காதில் வையுங்கள், பிறகு வளைத்து அங்கே போய்ச் சேருங்கள். இதேபோல் 2-இல் 8-ஐ வளைத்து 1-இல் 5. ஒரு நாளைக்கு இருபது தடவை. போதும்.

பாதிப் பேருக்குக் காது சரிதான், பலம்தான் இல்லை; மோதிர விரல் ஒன்றை மட்டும் வைத்துத் தள்ளுகிறார்கள். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே தந்தியில் பின்னால் ஊன்றி, கட்டை விரலைக் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து, மணிக்கட்டைத் திருப்புங்கள். கதவுக் குமிழைத் திருப்புகிற அசைவு. மீதிப் பேர் போய்ச் சேர்ந்த பிறகு பதற்றத்தில் உடனே கீழே விடுகிறார்கள். மேலே போய் ஓர் அடி நில்லுங்கள்.

வைப்ரேட்டோ (நீட்டிய நோட்டை விரலால் அசைப்பது) நடுக்கம் மாதிரி கேட்டால் அது தாளத்தில் இல்லை. 60-இல் மெட்ரோனோமை வைத்து ஓர் அடிக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நாலு. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. ராணிப்பேட்டையில் வளர்ந்த கிடார் பிரசன்னா கர்நாடக சங்கீதத்தையே இந்த வாத்தியத்தில் வாசிக்கிறார். தந்தியை இழுத்தும் வழுக்கியும் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் எப்படிப் போகிறார் என்பதைக் கேட்டாலே பெண்டிங் பாடம் பாதி முடிந்தது. நம் பழைய வேலூர் மாவட்டத்துக்காரர் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.

"ஒரே பாக்ஸுக்குள்ள மாட்டிக்கிட்டேன்"

ஐந்து பாக்ஸையும் மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். அப்புறம் ஐந்து சிறைக்குள் மாட்டிக்கொள்வீர்கள். 2-ஆம் தந்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 1, 3, 5, 8, 10, 13, 15 என்று நீளவாக்கில் வாசியுங்கள், ஸ்லைடு போட்டு. சி, டி, இ, ஜி, ஏ, சி, டி. ஒற்றைத் தந்தியில் பாக்ஸ் என்ற சுவரே கிடையாது. ஒரு வாரம் கழித்து 5-ஆம் ஃபிரெட் பாக்ஸிலிருந்து 3-இல் 7, 3-இல் 9, 2-இல் 8, 2-இல் 10 என்று ஏறிப் பாருங்கள். மேலே ஓர் அறை கூடுதலாகக் கிடைத்துவிடும். அதற்கே ஆறு மாதம் வேலை இருக்கிறது.

"வேகம் வரல"

வரும். அதுவரை மெதுவாக வாசியுங்கள். "மூன்று நோட்டு" பயிற்சியை முடித்துவிட்டு இந்தக் கேள்வியோடு வாருங்கள் என்றுதான் சொல்வேன். முடித்தவர்கள் அநேகமாக வருவதில்லை. உண்மையாகவே கை தடுமாறினால், தடுமாறுகிற இரண்டு நோட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிக் ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டுகிற இடமாக இருக்கும்.

"மாடியில வருது, மேடையில வரல"

மேடையில் நிறைய விஷயம் ஒரே நேரத்தில் மாறுகிறது. மானிட்டரில் உங்கள் கிடார் கேட்காது, டிரம்ஸ் மட்டும் கேட்கும். மாடியில் இனிமையாக இருந்த டிஸ்டார்ஷன் மைதானத்தில் கொசகொசவென்று ஆகிவிடும். பாதியாகக் குறைத்து, ரிவெர்பையும் குறைத்து, மிட்-டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சோலோவுக்கு மட்டும் சத்தத்தை ஏற்ற ஒரு வழி வேண்டும். பெடல் இல்லையென்றால் கிடாரின் வால்யூம் குமிழை பாட்டு முழுக்க 7-இல் வைத்திருந்து சோலோவில் 10-க்குத் திருப்பினால் போதும்.

இரண்டு நோட்டை மட்டும் முடிவு செய்துகொண்டு மேடை ஏறுங்கள்: முதல் நோட்டு, கடைசி நோட்டு. நடுவில் வருவது வரட்டும். முதல் பாரில் பாட்டின் மெட்டையே ஒரு வரி வாசித்துத் தொடங்கினால் கூட்டமும் கூட வரும், உங்கள் கையும் சூடாகும். மெட்டை வாசிப்பது கௌரவக் குறைச்சல் என்று காலேஜ் பேண்ட் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

தப்பு நோட்டு விழும். விழுந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள், கையையும் எடுக்காதீர்கள். சரியான நோட்டு பெரும்பாலும் ஒரு ஃபிரெட் மேலேயோ கீழேயோ இருக்கும், அங்கே வழுக்கிப் போய்விடுங்கள். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் அடுத்த சுற்றில் அதே தப்பை அதே இடத்தில் மறுபடி வாசித்து அதேபோல் வழுக்குங்கள். இரண்டாவது தடவை அது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தபலாக்காரரைத் தவிர.

கடைசி நோட்டில் வந்ததும் அவசரப்பட்டு விடாதீர்கள். பாடகர் மைக்கை நோக்கி நகர்வது கண்ணில் படும்வரை பிடித்து வைத்து, அவர் மூச்சை இழுக்கும்போது வால்யூமை 7-க்கு இறக்குங்கள். அதோடு, ஏறுவதற்கு முன்னால் கீபோர்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "அண்ணா, ஸ்கேல் இறக்கினீங்களா?"